சீசரின் நீலக்கண்ணும் நாலு பேர் தூக்கும் பெட்டியும்

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கவிதா. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம் என்னிடம் வேலை பழகிய பெண். இப்போது ஒரு கால்நடை ஆய்வகத்துக்கு அவளே பொறுப்பு.

"மேடம், ஒரு நாய் ஃபெயிலாயிடுச்சு."

"எத்தனாவது வகுப்பு?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு பெண் வெளிநாட்டுக்குக் குடிபோகிறாள். நாயையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த நாட்டுக்காரர்கள் கேட்ட ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றில் நோய் இருப்பதாக வந்துவிட்டது. அந்தப் பெண் வாசலில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள். "இந்த மாதிரி கேஸ் நீங்க பார்த்திருக்கீங்களா மேடம்?"

பார்த்திருக்கிறேனாவது! ஒரு நாயை ஃபெயிலாக்கிவிட்டு ஆவடியில் பாதிப் பேரின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். "பெரிய கதை, சாயங்காலம் கூப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டு, ஒன்றும் விட்டுப்போகக் கூடாதே என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கால்நடைத் துறையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருடம் சாணியைக் கரைத்துப் பார்த்தேன். இன்னும் ஆறு மாதம் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். அதில் மாட்டு ரத்தத்தைவிட என் விரல் ரத்தம்தான் அதிகம் போயிருக்கும். பிறகு அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த ஒரு மருந்தகத்தில் போட்டார்கள். வீடு கள்ளிக்குப்பத்தில். தினமும் சைக்கிள். வேலை என்னவென்றால், காலையிலிருந்து மாலை வரை நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அடுத்த கண்ணால் நாய் கடிக்க வருகிறதா என்று பார்ப்பது.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் தணிகாசலம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. மனிதர் மிருகங்களுக்கு மட்டும்தான் மரியாதை கொடுப்பார். ஒரு ஆள் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தால், ஆட்டைப் பார்த்து, "வாங்கம்மா, ராத்திரி தூங்கினீங்களா?" என்பார். ஆள் வாயைத் திறந்தால், "உன்னைக் கேட்டேனா? தள்ளி நில்லு" என்பார். கோழிகூட அவருக்கு அம்மாதான். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி, அது அவருடையது. வந்தவர்கள் யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் பொமரேனியன் நாயோடு வந்து, உட்கார இடம் தேடி அப்படியும் இப்படியும் பார்த்தார். டாக்டர் சட்டென்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார், பொமரேனியனுக்கு.

என்னையும் "சரசு, வா, போ" தான். எனக்கு முதலில் கோபம் வரும். போகப் போக, ஒரு மாட்டைப் போல நடத்தப்படும் அளவுக்கு நான் இன்னும் தகுதி பெறவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வேலையில் அவரிடம் ஒரு முறை இருந்தது. அது வந்த கதை இதுதான். ஒரு தலைமையாசிரியரின் பசு இரை எடுக்காமல் கிடந்தது. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் போட்டு வைத்திருந்தோம். டாக்டர் முதலில் பார்த்துவிட்டு, "கிருமி இருக்கிற மாதிரி தெரியுது, நீ பாரு" என்றார். நான் பார்த்தேன். எனக்கும் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. ஐந்து நாள் ஊசி போட்டோம். பசு இன்னும் படுத்துக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தால், உள்ளே தலைமையாசிரியரின் ஈரிழைத் துண்டு. கிருமியும் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் பார்த்தது சாயத்தூள்.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர், "நான் சொன்னதால உனக்குத் தெரிஞ்சுது. தப்பு உன் கண்ணு மேல இல்ல, என் வாய் மேல" என்றார். மறுநாளிலிருந்து மருந்து சுற்றி வரும் காகிதத்தைச் சதுரமாக வெட்டி வைத்தார். சந்தேகமான கேஸ் என்றால் நான் முதலில் பார்த்து, கண்டதைச் சீட்டில் எழுதி, மடித்து, மேசையில் கிடந்த குதிரை லாடத்துக்கு அடியில் வைக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. பிறகு அவர் பார்த்துத் தன் சீட்டை எழுதி வைப்பார். இரண்டையும் ஒன்றாகப் பிரிப்போம். இரண்டு பேரில் ஒருவர் "உண்டு" என்று எழுதியிருந்தாலும் உண்டுதான். அதற்கு மேல் பேச்சு இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை, ஞானமுத்து அண்ணாச்சி சீசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். சொந்த ஊர் நாசரேத் பக்கம். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாருமே அவருக்கு சிஸ்டர். ஒரே மகள் நர்ஸ் படிப்பு முடித்து, டர்பனில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்குத் தலைப் பிரசவம். அண்ணாச்சி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மனைவி எஸ்தர் அக்காவோடு தென் ஆப்பிரிக்காவுக்கே குடிபோகிறார். சீசர், அந்த மகள் தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாய். "அப்பா, நீங்க மறந்தாலும் மறந்துருங்க, சீசர மறந்துராதீங்க" என்று கடிதம் போட்டிருந்தாள். அந்த நாட்டிலிருந்து வந்த நோய்ப் பட்டியலை அண்ணாச்சி பைபிளுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார்.

"சிஸ்டர், இதெல்லாம் சும்மா சடங்குதான். இவனுக்கு ஒரு கொறையும் கெடையாது. பாருங்க, ஊருக்குப் போறோம்னு இவனுக்கே தெரிஞ்சு போச்சு. எடது கண்ணு நீலமா மாறிட்டு வருது."

சீசர் சுத்தமான தெருநாய். செம்பட்டை நிறம், சுருட்டிய வால், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். ஆனால் இடது கண் உண்மையிலேயே நீலம்தான்.

"அப்பமே சொன்னேன்லா, இவன் பாட்டன் எவனோ தொர வளத்த நாயின்னு? ஒருத்தனும் நம்பல. இப்பம் குவார்ட்டர்ஸ்லேருந்து எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறான். வலது கண்ணும் போகப் போக மாறிரும்."

டாக்டர் சீசரின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சீசர் ஐயா, இந்தக் கண்ணு எத்தனை நாளா இப்படி?" என்றார். சீசர் பேசாததால் அண்ணாச்சி, "மூணு வாரமா" என்றார். அன்றைக்கு மட்டும் டாக்டர் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

சர்ரா என்று ஒரு நோய் உண்டு. ரத்தத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி நீந்திக்கொண்டிருக்கும். மாட்டு ஈ கடித்துக் கடித்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். எருமை அதைச் சுமந்துகொண்டு தெரியாத மாதிரி அசைபோட்டுக்கொண்டிருக்கும். நாய் தாங்காது. காய்ச்சல் வரும், மெலியும், சிலவற்றுக்குக் கண்ணில் நீலம் பாயும். விட்டுவிட்டால் செத்துப்போகும். அண்ணாச்சி மூன்று வாரமாக ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது அதைத்தான்.

ஒரு சொட்டு ரத்தத்தைத் தகட்டில் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து, சாயம் எதுவும் போடாமல் உடனே பார்க்க வேண்டும். சிவப்பணுக்கள் சும்மா கிடக்கும். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கூட்டத்துக்குள் யாரோ முண்டியடித்துக்கொண்டு போகிற மாதிரி அணுக்கள் விலகும். அங்கேதான் அது இருக்கும், நெளிந்துகொண்டு. பார்த்தேன். எழுதி லாடத்துக்கு அடியில் வைத்தேன். டாக்டரும் வைத்தார். இரண்டு சீட்டிலும் "உண்டு".

அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோய் என்றதற்கு வருத்தப்பட்டதைவிட, கண் நீலமானது பரம்பரையால் இல்லை என்றதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றியது. தப்பாக நினைத்துவிட்டேன்.

ஊசி போட்டோம். போட்ட இடம் கொழுக்கட்டை அளவுக்கு வீங்கியது. சீசர் டாக்டரை மட்டும் மன்னித்து, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். மூன்று வாரத்தில் நீலம் வடிந்து பழைய பழுப்புக் கண் வந்தது. "இனி அந்தக் கலர் திரும்ப வராதுல்லா சார்?" என்று அண்ணாச்சி கேட்டார். குரலில் நிம்மதியும் ஏக்கமும் பாதிப் பாதி.

டாக்டர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சீசர் ஐயா வெளியில சுத்தக் கூடாது. ஈ மொய்க்கிற எடத்துக்கே போகக் கூடாது. புரியுதா உனக்கு?"

"புரிஞ்சுது சார். தெருவுக்கே விட மாட்டேன்."

ஒரு மாதம் கழித்து ரத்தம் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஒட்டுண்ணி எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் தகட்டில் அகப்படாது. அதற்கு அந்தக் காலத்தில் ஒரே வழி, எலி. நாயின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து இரண்டு வெள்ளெலிகளுக்கு ஏற்ற வேண்டும். நாய்க்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணி எலிக்குள் போய்ப் பல்கிப் பெருகும். நாள்தோறும் எலியின் வால் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மாதத்துக்கு. எலி தேறினால் நாய் தேறியது.

இதை எஸ்தர் அக்காவிடம் சொன்னது என் தப்பு. அக்கா வாரா வாரம் வீட்டு ஜெபக் கூட்டம் நடத்துகிறவர். அந்த வாரமே விண்ணப்பத்தில் எலிகள் சேர்ந்துவிட்டன. எனக்கும் அழைப்பு வந்ததால் போயிருந்தேன். இருபது பெண்கள் முக்காடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அந்த ரெண்டு எலிகளுக்கும் பூரண சுகத்தைத் தாரும், அதுகளோட வாலைத் தொட்டருளும்" என்று உருகினார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அக்கா பார்த்துவிட்டு, ஆவியால் நிறைந்துவிட்டேன் என்று நினைத்து எனக்கு இரண்டு துண்டு கேக் அதிகமாக வைத்தார்.

அண்ணாச்சி தினமும் காலையில் எலிகளைப் பார்க்க வருவார். வேர்க்கடலை கொண்டு வருவார். பெரியவன், சின்னவன் என்று பேரும் வைத்துவிட்டார். "சின்னவன் இன்னைக்குக் கொஞ்சம் டல்லா இருக்கானே சிஸ்டர்?" என்பார். சொந்தத் தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் இப்படி வந்திருப்பாரா தெரியாது.

ஒன்பதாம் நாள். டிக்கெட் போட்டிருந்த தேதிக்கு இன்னும் மூன்றரை வாரம். சின்னவனின் வாலில் எடுத்த சொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. தகட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டேன். அங்கே அணுக்கள் விலகின. ஒரே ஒன்று, நெளிந்தது. அடுத்த நொடி காணவில்லை. எவ்வளவு தேடியும் மறுபடி அகப்படவில்லை.

தலையை நிமிர்த்தினால் ஜன்னலுக்கு வெளியே அண்ணாச்சி, கையில் கடலைப் பொட்டலம்.

"சிஸ்டர், மொகம் ஏன் இப்படி இருக்கு?"

சீட்டு வைக்கும் முன் வாய் திறக்கக் கூடாது. விதி அப்படி. ஆனால் முப்பது வருடம் இரும்பின் தேய்மானத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தவருக்கு என் முகத்தைப் படிப்பதா கஷ்டம்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு வார்த்தைதானே சிஸ்டர்? இல்லன்னு எழுதிருங்க. பிள்ளைக்கு இது மொதப் பிரசவம். இவன விட்டுட்டு நா எந்த மொகத்தோட போயி அவ முன்னாடி நிப்பேன்?" என்றார். கண்ணில் தண்ணீர்.

உண்மையைச் சொல்கிறேன். என் கை "இ" என்ற எழுத்தைப் போட்டுவிட்டது. ஒரே ஒன்றுதானே? கண் மயக்கமாகக்கூட இருக்கலாமே? நான் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தெரியப்போவதில்லை. அப்போது அந்தத் தலைமையாசிரியரின் பசு நினைவுக்கு வந்தது. அன்று டாக்டர் சொன்னதற்காக இல்லாததைப் பார்த்தேன். இப்போது இவர் சொல்வதற்காக இருப்பதைப் பார்க்காமல் இருக்கப் போகிறேன். அதை எழுதினால் அடுத்த நாள் முதல் நுண்ணோக்கி எதற்கு? ஜோசியம் பார்க்கப் போகலாம். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்றில், "உண்டு. ஒன்றே ஒன்று" என்று எழுதி லாடத்துக்கு அடியில் வைத்தேன்.

டாக்டர் வந்து அரை மணி நேரம் பார்த்தார். சீட்டுகளைப் பிரித்தோம். அவருடையதில் "இல்லை".

அத்தனை வருடத்தில் எங்கள் சீட்டுகள் மாறுபட்டது அந்த ஒரு தடவைதான். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. டாக்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு, "உண்டு" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செய்தி நான் வீடு போய்ச் சேரும் முன்னே ஆவடி போய்ச் சேர்ந்துவிட்டது. மாலையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த தொழிற்சாலைக்காரர்கள் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார்கள். வழக்கமாக, "வாங்க மேடம், முன்னால போங்க" என்று வழிவிடுவார்கள். அன்றைக்கு ஒருவர் திரும்பாமலே, "டாக்டரே இல்லன்னாராம், இந்தம்மா இருக்குன்னுட்டாங்களாம். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னான்" என்றார். இன்னொருவர், "எலி வாலுல புழு கண்டுபுடிச்ச அம்மாவா?" என்று எட்டிப் பார்த்தார். கேட் திறக்கும்வரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கண்ணையே நான் நம்பவில்லை.

மறுநாள் காலையில் சின்னவனின் வாலில் மறுபடி ஒரு சொட்டு. தேட வேண்டிய வேலையே இல்லை. பார்த்த இடமெல்லாம் நெளிந்தது, தைப்பூசக் கூட்டம். ஆனைக்கும் அடி சறுக்கும். டாக்டர் பார்த்துவிட்டு எழுந்து எலிக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றார். "மன்னிக்கணும் ஐயா, நேத்து உங்களை நான் சரியா கவனிக்கலை" என்றார். என் பக்கம் திரும்பி, "சரசு, ரெண்டு டீ சொல்லு" என்றார். அதுவரை அவர் சொன்னது எப்போதும் ஒரு டீதான்.

கேள்வி இதுதான்: தெருவுக்கே விடாத நாய்க்கு மறுபடி எப்படி? மருந்து தோற்றுவிட்டதா, இல்லை ஈ மறுபடி கடித்ததா? டாக்டர் அண்ணாச்சியை நிற்க வைத்து விசாரித்தார். அண்ணாச்சி பைபிளின் மேல் கையை வைக்காத குறையாக, "சத்தியமா வெளிய விடல சார். பொழுதன்னைக்கும் பெட்டிக்குள்ளதான் இருந்தான்" என்றார்.

"எந்தப் பெட்டி?"

"பிளேன்ல போற பெட்டி. பழக்கணும்லா? ரெண்டு மாசமா தெனம் நாலு மணி நேரம் உள்ள படுக்க வச்சுப் பழக்குறோம்."

"அந்தப் பெட்டி எங்கே இருக்கு?"

அண்ணாச்சி யோசிக்காமல் சொன்னார், "முனுசாமி எருமக் கொட்டாய்ல."

டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நானும்.

நடந்தது என்னவென்றால், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஊருக்குப் போகும்வரை அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். நோயே அங்கே வந்த பிறகுதான் தொற்றியிருக்கிறது. நண்பர்கள் நாலு பேர், அண்ணாச்சிக்குப் பிரிவு உபசாரமாகச் சீசருக்கு ஒரு பெட்டி செய்து தருவதாகச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க யுத்தத்துக்குச் சாமான் செய்த கைகள். அவர்களுக்கு மெலிசாக ஒன்றைச் செய்யத் தெரியாது. ஒருவரின் மைத்துனர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வைத்திருந்த பட்டறையில், இரும்புச் சட்டம் அடித்து, நாலு பக்கமும் தகடு வைத்து, மூலைக்கு மூலை பற்றவைத்து, காற்றுத் துளையைக்கூட அளவெடுத்துப் போட்டு, பச்சை பெயிண்ட் அடித்துக் கொண்டு வந்து இறக்கினார்கள். நாலு பேர் தூக்க வேண்டும். வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. பெட்டியைச் சின்னதாக்கலாமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்துக் கொட்டகையில் முனுசாமி, "இங்க போடு அண்ணாத்தே, எடம் கீது" என்றிருக்கிறார். போட்டுவிட்டார்கள். டாக்டர் வெளியே விடாதே என்று சொன்ன நாளிலிருந்து, இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு மணி நேரத்தை நாலு மணி நேரமாக ஆக்கியிருக்கிறார் அண்ணாச்சி. பக்கத்தில் ஆறு எருமை.

அன்றே கொட்டகைக்குப் போனோம். டாக்டர் ஒவ்வொரு எருமையாக, "தாயே, கொஞ்சம் காதைக் காட்டுங்க" என்று ரத்தம் எடுக்க, முனுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா சார், என் எருமைக்கு இன்னா கேடு? நல்லா துன்னுது, கறக்குது, படுத்துக்கினு கீது. அந்த நாய் வந்துகினு போனதால என் மாட்டுக்கு எதுனா ஒட்டிச்சின்னா நீதான் பதில் சொல்லணும்."

இரண்டு எருமையின் ரத்தத்தில் இருந்தது. அதைச் சொன்னதும் முனுசாமி சத்தம் அடங்கி, எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இத்தினி நாளா சொல்லவே இல்லியே நைனா இது" என்றார். ஆறுக்கும் ஊசி போட்டோம். சீசருக்கு மறுபடி ஊசி, மறுபடி கொழுக்கட்டை. பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார்.

ஆனால் தேதி நின்றது. மருந்து முடிந்து, காத்திருந்து, புது எலிகள், ஒரு மாதம். எப்படிப் பார்த்தாலும் மூன்று மாதத்துக்குக் குறையாது. பிரசவம் அதுவரை காத்திருக்காது. கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் இப்போது அண்ணாச்சிக்குப் புத்தி சொன்னார்கள், "நாய்தானே வே, விட்டுட்டுப் போம்" என்று. முனுசாமிகூட, "நான் பாத்துக்கறேன் அண்ணாத்தே" என்றார். அண்ணாச்சியும் எங்களிடம் வந்து, "ஆமா, நாய்தானே" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்ல முடியவில்லை.

எஸ்தர் அக்கா தனியாக விமானம் ஏறினார். அதற்கு முன் மதராஸைத் தாண்டித் தனியாகத் திருநெல்வேலிக்குக்கூடப் போகாதவர். போகும் முன் என்னைப் பார்க்க வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "யம்மா, நீ அன்னைக்கு இல்லன்னு எழுதியிருந்தா இவன் அங்க வந்து செத்துருப்பான். என் பிள்ள கையில செத்துருப்பான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அண்ணாச்சி அந்த வீட்டில் சீசரோடு மூன்றரை மாதம் இருந்தார். சமைக்கத் தெரியாது. இரண்டு பேரும் தினமும் கஞ்சி. சீசர் பெருத்தான், அண்ணாச்சி இளைத்தார். ஜன்னல் முழுக்கக் கொசுவலை அடித்து, நாயைக் காலையும் மாலையும் வலைக்குள்ளேயே நடத்தினார். பேரன் பிறந்ததைப் பக்கத்துத் தெருவில் போன் இருந்த ஒரு வீட்டில் நின்றுகொண்டு கேட்டார். அன்று எலிகளுக்கும் எங்களுக்கும் லட்டு.

புது எலிகளுக்கு அவர் பேர் வைக்கவில்லை. பயம். கடைசி நாள் காலையில் நான் பார்த்தேன். தகட்டின் மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். மூன்று முறை துடைத்துப் புதிதாகத் தடவிப் பார்த்தேன். எழுதி லாடத்துக்கு அடியில் வைத்தேன். டாக்டர் ஒரு மணி நேரம் பார்த்தார். எழுதினார். அண்ணாச்சி வழக்கம்போலச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இளைத்த உடம்பில் பழைய சட்டை தொளதொளவென்று தொங்கியது. காலடியில் சீசர்.

என் சீட்டைப் பிரித்தேன். "இல்லை."

டாக்டருடையதைப் பிரித்தேன். அதில் "உண்டு" என்றும் இல்லை, "இல்லை" என்றும் இல்லை. "சீசர் ஐயா, சுகமாகப் போய் வாருங்கள்" என்று இருந்தது.

நான் படித்தேன். அண்ணாச்சி சுவரைப் பிடித்தார். டாக்டர் எழுந்தார். தன் நாற்காலியை எடுத்துப் போய் அவர் பக்கத்தில் போட்டு, துண்டால் ஒரு தட்டுத் தட்டி, "உட்காருங்க சார்" என்றார். அந்த நாற்காலியில் டாக்டரைத் தவிர வேறு மனிதர் ஒருவர் உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணாச்சி உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். சீசர் எழுந்து, என்னையும் மன்னித்துவிட்டவன்போல என் கையை நக்கினான்.

சீசர் கடையில் வாங்கிய மெலிசான பெட்டியில் டர்பன் போய்ச் சேர்ந்தான். பச்சைப் பெட்டியில் ரொம்ப காலம் முனுசாமியின் கன்றுக்குட்டிகள் படுத்திருந்தன. அடுத்த வருடம் அண்ணாச்சி எழுதிய கடிதத்தில், "இங்கே எல்லாரும் இது என்ன ஜாதி நாய் என்று கேட்கிறார்கள். ஆவடி என்று சொல்லிவிட்டேன்" என்று இருந்தது.

இவ்வளவையும் எழுதி முடிக்கும்போது மாலையாகிவிட்டது. சொன்னபடி கவிதா கூப்பிட்டாள். எங்கே தொற்றியது, நாயை எங்கே வைக்கிறார்கள், பழக்கும் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்றா? நாயை விட்டுட்டுப் போறாளாமா?"

"இல்ல மேடம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டா. வைத்தியம் முடிஞ்சப்புறம்தான் போவேன்னு சொல்லிட்டா. இன்னும் இங்கதான் வாசல்ல நின்னுட்டிருக்கா."

"மதியத்திலிருந்து நிக்க வச்சிருக்கியா? போனை வைடி. முதல்ல அவளுக்கு ஒரு நாற்காலி போடு."